‘வணக்கம்’ போட்ட பிறகு ஒரு கல்யாணம்

நான் விசிலடிப்பேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு விரலை வாயில் வைத்து, நாக்கை மடித்து, கடைசி வரிசைச் சுவரில் மோதித் திரும்புகிற விசில். லண்டனுக்கு வந்த பிறகு பழகியது. பெண்பிள்ளை விசிலடித்தால் வீடு விளங்காது என்று ஊரில் சொல்வார்கள். இங்கே வீடு என்று எனக்கு இருந்தது தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் ஒரு மாடி அறை. அது என் விசிலுக்கு முன்பே விளங்காமல்தான் கிடந்தது.

எண்பதுகளின் கடைசி. வார நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நீராவி, வெள்ளைத் துணி, மறுபடி நீராவி. ஞாயிறு காலையில் பஸ்ஸும் ரயிலுமாக வெம்பிளிக்குப் போவேன். அங்கே பலசரக்கும் வீடியோக் கசெட்டும் வைத்திருந்த கடைக்கார அண்ணை, கிழமை முழுவதும் பிங்கோச் சூதாட்டம் நடக்கிற பழைய தியேட்டர் ஒன்றை ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போடுவார். சிகரெட் புகை ஊறிய சிவப்பு இருக்கைகள். இடைவேளையில் மட்டன் றோல்ஸ். சின்னப் பிள்ளைகள் இருக்கைகளுக்கு நடுவில் உருண்டு விளையாடும். திரையில் ஒருவன் பறப்பான்.

அந்தப் பறப்புக்காகத்தான் போனேன். வெட்கமில்லை. நாயகன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்கிறான். எந்த மண்ணில் விழுந்தாலும் ஒருவரும் அவனிடம் விசா கேட்பதில்லை. இதைவிட எனக்கு வேறென்ன காரணம் வேண்டும்? அவன் வருகிற விதத்தைப் பாருங்கள். முதலில் சப்பாத்து. பிறகு கை. பிறகு பிடரி. பிறகு காற்று வந்து தலைமுடியைத் தூக்க, முகம். ஒரு மனிதனின் முகத்துக்காக ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இந்த நகரத்தில் என் முகத்தை எவரும் அவ்வளவு ஆறுதலாகப் பார்த்ததில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும்.

சலவைக்கூடத்தில் என் மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரர். தனி ஆளாக ஒரு காட்டையே சுட்டுத் தள்ளுகிற புஜபலக்காரர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று நடித்துக் காட்டுவார். ஒருவரும் அவரை மூடன் என்று சொன்னதில்லை. பொழுதுபோக்கு என்றார்கள். அதையே நாங்கள் பார்த்தால் சீரழிவு.

எல்லாப் படத்துக்கும் நான் விசிலடித்தேன் என்று நினைக்க வேண்டாம். என் விசிலுக்கு மானம் உண்டு. நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைந்து திருத்துகிற இடத்தில் என் விரல்கள் மடியில் கிடக்கும். ஒரு தங்கை இரண்டாம் ரீலில் சைக்கிளில் சிரித்துக்கொண்டு வந்தால் எனக்கு மிச்சக் கதை தெரிந்துவிடும். அண்ணனுக்குக் கோபம் வருவதற்காக அவளை எப்படியும் கொன்றுவிடுவார்கள். அதற்கு ஒருமுறை எழுந்து நின்று “ஆளை விடுங்கோடா” என்று கத்தியிருக்கிறேன். அம்மன் படங்களோ எனக்கு உயிர். ரப்பர் பாம்பு, அதைத் தூக்கிப் பிடிக்கிற நூல் விளக்கு வெளிச்சத்தில் மின்னும், மின்னட்டும். நூல் தெரிகிற பாம்புக்குக் கனம் இருந்தது. இப்போது கம்ப்யூட்டரில் செய்து விடுகிறார்களே, வானத்தை அடைத்துக்கொண்டு வருகிற பாம்பு, அது தண்ணீரில் விட்ட எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. பயமும் இல்லை. பக்தியும் இல்லை. படம் எடுத்தவர் எதையும் கையால் தொடவில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இப்படியெல்லாம் நான் எழுதுவதற்கு ஒரு பக்கம் இருந்தது.

கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஒரு வீட்டு முன்னறையிலிருந்து சிறுபத்திரிகை ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் கல்லூரியில் தமிழ் படிப்பித்தவர். இங்கே பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குபவர். வேலை முடிந்து வந்து, மிச்சமிருக்கிற கண் வெளிச்சத்தில் பக்கம் அமைப்பார். நல்ல மனிதர். என் கவிதை ஒன்றைப் படித்துவிட்டு, ‘நீங்கள் சினிமாவைப் பற்றி எழுதுங்கோ, ஆனால் கோபமாய் எழுதுங்கோ’ என்று கடைசிப் பக்கத்தைத் தந்தார். அவர் நினைத்த கோபம் வேறு, என் கோபம் வேறு என்பது போகப் போகத்தான் இருவருக்கும் தெரிந்தது. சலவைக்கூடத்தில் நான் ஒரு அடையாள அட்டை. கவுன்சில் அலுவலகத்தில் ஒரு கோப்பு. அந்தக் கடைசிப் பக்கத்தில் மட்டும் நான் ஒரு ஆள். அதை இழக்க எனக்கு மனமில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

அந்த ஞாயிறு வந்த படம் தேர் இழுக்கிறவனைப் பற்றியது. ஊர்க் கோயில் தேருக்குக் கட்டை போடுகிறவன் நாயகன். குழந்தையாய் இருந்தபோது அவன் தங்கையின் தொட்டிலுக்கு ஒரு நாகம் காவல் இருந்தது. அம்மன் அவனுடைய தோளுக்குத்தான் பலம் கொடுத்தாள், வாய்க்குக் கொடுக்கவில்லை. படம் முழுக்க இருபது வசனம் பேசியிருப்பானோ தெரியாது. கடைசியில் வில்லன் சுடுகிறான். மார்பில் குண்டுகளோடு தேரைத் தனியாக இழுத்து வந்து நிலையில் சேர்த்துவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து செத்துப்போகிறான். கற்சிலையின் கண்ணில் நீர். ‘வணக்கம்’ என்று எழுத்து விழுகிறது.

விழுந்தது. நாங்கள் மூக்கைச் சீறிக்கொண்டு எழும்பினோம். கோட்டைத் தேடினோம். சின்னப் பிள்ளைகளின் சப்பாத்துகளை இருக்கைக்கு அடியில் துழாவினோம். திரை அணையவில்லை. ஒரு வெள்ளைக் கீறல் ஓடியது. பிறகு நாதஸ்வரம்.

செத்தவன் வந்தான். பட்டு வேட்டி, தோளில் துவாய், கையில் சாம்பார் வாளி. தங்கையின் கல்யாணம். பந்தியில் குனிந்து குனிந்து பரிமாறுகிறான். ஒரு கிழவருக்கு இரண்டு கரண்டி, போதும் போதும் என்கிறவருக்கு இன்னும் ஒரு கரண்டி. பாட்டு. தங்கை அழுகிறாள், இவன் சிரிக்கிறான். வில்லன் எங்கேயும் இல்லை. ஒரு கோட்டுக் கையை மாட்டியவர்கள் மற்றக் கையை மாட்டாமல் அப்படியே உட்கார்ந்தார்கள். ரீல் முடிந்து திரை வெள்ளையானதும் தியேட்டர் முழுக்கக் கை தட்டியது. நான் விசிலடித்தேன். என் வாழ்நாளின் மிக நீண்ட விசில்.

நடந்தது இதுதான். வெளிநாட்டிலிருந்து படப்பெட்டி வந்து சேர்ந்தால் கடைக்கார அண்ணை அதைத் தன் கடையின் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடாமல் தியேட்டருக்கு அனுப்பமாட்டார். ஊதுபத்தி, கற்பூரம், ஒவ்வொரு ரீல் தகரத்தின் மூடிக்கும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ரீலின் இலக்கம் எழுதியிருந்ததும் மூடியின் நடுவில்தான். அந்த முறை குழைத்த சந்தனம் மீந்துவிட்டது; வீணாக்கக் கூடாது என்று கடைசி இரண்டு மூடிகளுக்கும் அள்ளி அப்பிவிட்டார். படம் ஓட்டுகிற ஆங்கிலேயக் கிழவருக்கு மஞ்சள் களிம்பின் கீழே எது முன், எது பின் என்று தெரியவில்லை. ‘வணக்கம்’ என்ற எழுத்தும் அவருக்கு எழுத்தாகத் தெரிந்திருக்காது. கடைசிக்கு முந்தின ரீல் கடைசியில் ஓடியது.

மாஸ்டர் படத்துக்கு வருகிறவர் அல்ல. செய்தி மட்டும் அவருக்கு அன்று மத்தியானமே போய்விட்டது. அடுத்த நாள் வேலை முடிந்து என் பக்கத்துக்கான கட்டுரையோடு குட்மேய்ஸ் போனேன். அவர் கதவைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

“கேள்விப்பட்டன் தங்கச்சி. செத்தவன் சாம்பார் ஊத்தினானாம்.”

“ஓம் மாஸ்டர்.”

“ரீலை மாத்திப் போட்டாலும் கை தட்டுற சனம். உதைவிட வேறை சாட்சி வேணுமே? இந்த நட்சத்திரப் படங்கள் சனத்தை என்ன கதிக்குக் கொண்டுவந்து விட்டிருக்கெண்டு உதை வச்சே எழுதலாம்.”

“எழுதிக்கொண்டுதான் வந்தனான். ஆனால் நானும் கை தட்டினனான்.”

“நீங்கள் விசிலடிச்சதெல்லோ. அதுவும் வந்து சேர்ந்தது.”

கட்டுரையை நின்றபடியே படித்தார். சிரிப்பு மெல்லப் போனது. சனத்துக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் தட்டினார்கள் என்று எழுதியிருந்தேன். சரியான ஒழுங்கைவிட அந்தத் தவறிய ஒழுங்கே நல்ல படம் என்று எழுதியிருந்தேன்.

“என்ன விசர்க் கதை இது? ஒரு கலைப்படைப்பெண்டால் முதல், நடு, முடிவு எண்டு ஒண்டு இருக்கு. ஒழுங்கு இல்லாட்டில் அது கதையே இல்லை.”

ஒழுங்கு என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது. அதையே வேறு சொல்லில் நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அகதி விசாரணை அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு வந்த இந்தியத் தமிழ்ப் பெண். நான் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனைச் சுட்டதைச் சொன்னேன். பிறகு, வெயில் சாய்கிற நேரம் அவன் முற்றத்தில் குந்தி, என் சைக்கிளுக்குச் செயின் மாட்டித் தந்ததைச் சொன்னேன். கறுப்பு எண்ணெய் அப்பிய விரலால் என் மூக்கில் ஒரு பொட்டு வைத்ததையும் சொன்னேன். அதிகாரி பேனாவை நிறுத்தினார். செத்தவர் எப்படிச் சைக்கிள் திருத்தினார் என்று கேட்டார். அந்தப் பெண் கெட்டவள் அல்ல. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “முதல்ல என்ன நடந்துச்சு, அப்புறம் என்ன நடந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்கம்மா. வரிசையா சொன்னாத்தான் நம்புவாங்க.”

வரிசையாகச் சொன்னேன். செயினை முதலில் சொன்னேன். குண்டைப் பிறகு சொன்னேன். நம்பினார்கள். அன்றிலிருந்து என் அண்ணன் ஒவ்வொரு முறையும் கடைசியில் சாகிறான்.

இதை மாஸ்டருக்குச் சொல்லவில்லை. அவரும் அந்த அறையிலிருந்துதான் வந்தவர். சொன்னது இவ்வளவுதான்:

“வாற ஞாயிறு அதே படத்தைச் சரியான ஒழுங்கிலை போடுறாராம் கடைக்கார அண்ணை. அவருக்கு மானம் போச்சு. வாங்கோ, வந்து பாருங்கோ. அவன் செத்து ‘வணக்கம்’ விழுந்த உடனை சனம் எழும்பிப் போனால், நீங்கள் சொல்லுற மாதிரி நான் எழுதுறன். போகாட்டில் இந்தத் தாள் ஒரு சொல்லும் மாறாமல் வரவேணும்.”

“போகாமல் அங்கை என்ன செய்யப் போகுதுகள்?”

“வாங்கோவன்.”

“சரி, வாறன். தோத்தால் எழுதவேணும்.”

“எழுதுறன். நீங்கள் தோத்தால் போடவேணும்.”

அந்தக் கிழமை சலவைக்கூடத்தில் துணி மடித்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீறாப்பில் என் பக்கத்தைக் கொண்டுபோய்ப் பந்தயம் வைத்துவிட்டேன். சனம் எழும்பிப் போனால்? பசி, பிள்ளை, பஸ், மழை, எழும்புவதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பதற்கு என்ன காரணம்? எழும்பிவிட்டால், என்னைப் போன்றவர்களை மந்தை என்று என் கையாலேயே நான் எழுத வேண்டும்.

ஞாயிறு வந்தது. மாஸ்டரும் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றாமல், ஆஸ்பத்திரியில் முறை பார்த்திருப்பவர் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டத்தில் பாதி, போன ஞாயிறு வந்த முகங்கள். கடைக்கார அண்ணை திரைக்கு முன்னால் வந்து கையைக் கூப்பினார்.

“போன முறை ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு. இந்த முறை பொட்டை ஓரத்திலைதான் வச்சிருக்கிறன்.”

“சாம்பார் எந்த ஓரத்திலை அண்ணை?” என்று யாரோ கேட்க, தியேட்டர் சிரித்தது.

படம் ஓடியது. நாயகனின் கால், கை, பிடரி, முகம். நான் விசிலடித்தேன். மாஸ்டர் காதைப் பொத்தினார். நாகம் தொட்டிலில் படம் எடுத்தது, நூல் மின்னியது. தேர்ச் சக்கரத்தை அவன் தோளால் தூக்குகிற இடத்தில் மாஸ்டரின் கால் பெருவிரல் சப்பாத்துக்குள் மடங்கியது என்று நினைக்கிறேன். உடம்பு லேசாக முன்னுக்கு வந்தது. கல்யாணம் தன்னுடைய இடத்தில் வந்து தன்னுடைய இடத்தில் போனது. வாளி, பந்தி, பாட்டு. இப்போது அதைப் பார்க்க முடியவில்லை. அடுத்து என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு ஒரு மனிதன் சிரிப்பதை எப்படிப் பார்ப்பது? முன் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

குண்டு. தேர். சக்கரம். சிலையின் கண்ணீர். ‘வணக்கம்.’

விளக்கு எரிந்தது. மாஸ்டர் தொப்பியைத் தலையில் வைத்தார்.

ஒருவரும் எழும்பவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் அதை மடியில் போட்டுத் தட்டினாள். எங்கோ ஒரு றோல்ஸ் காகிதம் சரசரத்தது. கடைக்கார அண்ணை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, போகிறவர்களை வழியனுப்பக் காத்து நின்றார். போகிறவர்கள் இல்லை.

முன்னால் ஒரு பெண்குரல், பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற மாதிரி, சாதாரணமாக:

“அண்ணை, அந்தக் கல்யாணத்தை இன்னொருக்கால் போடுங்கோவன்.”

“அது ஓடி முடிஞ்சுதே அக்கா.”

“தெரியும். திருப்பிப் போடுங்கோ.”

“உவனைச் சாக விட்டிட்டுப் போய் நான் என்னெண்டு சமைக்கிறது?” என்றாள் இன்னொருத்தி.

“பந்தியிலை எனக்கு இன்னும் வரேல்லை அண்ணை!” பின்வரிசையில் ஒரு ஆண்குரல். சிரிப்பு எழுந்தது, ஆனால் ஒருவரும் கோட்டை எடுக்கவில்லை.

மேலே சின்னச் சன்னலில் படம் ஓட்டுகிற கிழவரின் தலை தெரிந்தது. இவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கடைக்கார அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார்: மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சாப்பிடவில்லை. கிழவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ரீலைத் திருப்பிச் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் தியேட்டர் காத்திருந்தது.

செத்தவன் வந்தான். வாளியோடு வந்தான். பந்தியில் இருந்த கிழவருக்கு இரண்டு கரண்டி. போதும் என்கிறவருக்கு இன்னும் ஒரு கரண்டி. அவன் குனிந்து நிமிர்கிறபோது நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன். மாஸ்டர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கதைக்கு ஒழுங்கு வேண்டும் என்றவர், வாய் லேசாகத் திறந்தபடி, பசித்த பிள்ளை பந்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். யாரை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

வெளியே தூறல். பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றோம்.

“வடிவாத்தான் இருந்தது,” என்றார்.

“அப்ப போடுறியள்.”

மாஸ்டர் பஸ் வருகிற பக்கம் பார்த்தார். “ஏலாது தங்கச்சி.”

“நீங்கள் தோத்திட்டியள் மாஸ்டர்.”

“ஓம். தோத்தது நான். பத்திரிகை தோக்க ஏலாது. சந்தா கட்டுற ஆக்கள் என்ன சொல்லுவினம்? பிழையாய் ஓடின ரீலுக்கு நாங்கள் பாராட்டு எழுதினமெண்டா? ஒரு வரி சேருங்கோ. இது சனத்தின்ரை அறியாமைதான், ஆனாலும் எண்டு ஒரே ஒரு வரி. உங்கடை பக்கம் உங்களிட்டையே இருக்கும்.”

ஒரு வரி. என் பக்கத்தின் விலை ஒரு வரி. தியேட்டரில் அந்தப் பெண் கேட்ட குரல் என் காதில் இருந்தது. அந்த வரியைச் சேர்த்தால், அவளிடம் போய் நீ அறியாமல் கேட்டாய் என்று சொல்ல வேண்டும். என்னிடமும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை ஒழுங்குக்காக என் அண்ணனைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தவள் நான். உயிர் பிழைக்க அது வேண்டியிருந்தது. இங்கே யாருக்காக?

“என்ரை தாளைத் தாங்கோ மாஸ்டர்.”

“கோவிக்காதேங்கோ.”

“கோவமாய் எழுதச் சொன்னது நீங்கள்தானே. தாங்கோ.”

கோட்டின் உள் பையிலிருந்து எடுத்தார். நாலாக மடித்த தாள். விரித்துப் பார்த்தேன். அச்சுக்குப் போகிற தாளுக்குச் செய்வதுபோல, சிவப்பு மையால் என் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தார். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அவருடைய பஸ் முதலில் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்க்காமல், “பற்றைக்குள்ளை எறிஞ்சுபோடாதேங்கோ” என்றார்.

எறியவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தேன். கடைக்கார அண்ணை தியேட்டர் வாசலில் ரீல் தகரங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். நனையாமல் வண்டிக்குள் இருந்து படித்தார். படிக்கும்போது உதடு அசைந்தது. முடித்துவிட்டு மூக்கைத் துடைத்தார்.

“கடையிலை போட்டோக்கொப்பி மெசின் இருக்கு. வாடகைக்குப் போற ஒவ்வொரு கசெட் பெட்டிக்குள்ளையும் ஒண்டு வச்சு விடுவம். வாசிக்கிறவை வாசிக்கட்டும்.”

“வாசிக்காதவை?”

“றோல்ஸ் சுத்தட்டும்.”

அப்படித்தான் எழுதி வருகிறேன், இந்தத் தொண்ணூறுகளின் கடைசிவரை. இலக்கியக் கூட்டங்களில் என் பெயர் வராது. கறிவேப்பிலையும் மாசிக் கருவாடும் மணக்கிற தாளில் எழுதுகிறவள் என்று சிரிப்பார்களாம், சிரிக்கட்டும். கசெட் திரும்பி வரும்போது தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதி வருகிறது. ‘அறைகிற இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி அக்கா, என்ரை மனிசனுக்கும் வாசிச்சுக் காட்டினனான்.’ ‘கம்ப்யூட்டர்ப் பாம்பு நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு வயசு போச்சு.’ இரண்டாவது ஆளோடு மூன்று கசெட்டுக்கு நீண்ட சண்டை நடந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, மாஸ்டரின் சிவப்பு மையோடு. அதில் அறியாமை என்ற சொல் இல்லை. அது இப்படித் தொடங்குகிறது: ‘அவன் செத்தான். பிறகு வந்து எங்களுக்குச் சாம்பார் ஊற்றினான். இரண்டையும் நான் பார்த்தேன், இதே வரிசையில்.’